தனியாள் ஆய்வின் வலிமையும் வரம்பும்: மொழிசார் உளவியல் பதிவுகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

உளவியலில் வழங்கும் ஆய்வு முறைகளுள் பழமையானதும் பெரிதும் ஐயுறப்படுவதும் தனியாள் ஆய்வாகும். ஒருவரைப் பற்றிய நுண்ணிய பதிவிலிருந்து மனித மனத்தைப் பற்றிய பொதுக் கருத்து ஒன்றைப் பெற முடியுமா என்னும் வினா, அத்துறை தோன்றிய காலந்தொட்டே எழுப்பப்பட்டு வருகிறது. முடியாது என்போர் எண்ணிக்கையைக் காரணம் காட்டுவர். ஒன்றிலிருந்து பலவற்றிற்குச் செல்ல வழியில்லை என்பது அவர்தம் வாதம். முடியும் என்போர் அறிவியல் வரலாற்றைச் சான்று காட்டுவர்; மொழிக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு, நினைவாற்றலின் வகைகள், மொழி கற்றலுக்குரிய பருவம் ஆகியவை பற்றிய விவாதங்கள் பலவும் ஓரிருவரைப் பற்றிய பதிவுகளிலிருந்தே தொடங்கின என்பது அவர்தம் மறுமொழி.

இவ்விவாதம் உளவியலாருக்கு மட்டும் உரியதன்று. புகழ்பெற்ற தனியாள் ஆய்வுகளுள் பல, பேச்சைப் பற்றியவை. பேச்சின் வழியாகத் தரவு பெற்றவை. மொழிபெயர்ப்பின் வழியாகவே உலகம் முழுதும் படிக்கப்பட்டவை. ஆதலின் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இம்முறையின் நிறைகுறைகளை மதிப்பிடுவதில் தனிப் பங்கு உடையவர்கள் எனலாம். தனியாள் ஆய்வின் குறைபாடு ‘ஒன்று’ என்னும் எண்ணில் இல்லை. பிறிதொருவர் மீண்டும் படித்து ஆராய இயலாதவாறு பதிவு அமைந்துவிடுவதில்தான் உள்ளது என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. பன்மொழிச் சூழல் நிலவும் மைசூரும், தமிழ் மொழியின் அமைப்பும் இதற்குரிய சான்றுகளைத் தருகின்றன.

2. கலைச்சொல் பற்றிய ஒரு குறிப்பு

தமிழில் இம்முறைக்குத் ‘தனியாள் ஆய்வு’, ‘தனிநபர் ஆய்வு’, ‘நேர்வு ஆய்வு’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் ‘விடய ஆய்வு’ என்பது பெருவழக்கு. இவை ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றினும் நோக்கில் வேறுபடுகின்றன. ‘தனியாள்’ என்னும் சொல் ஆய்வுக்குரிய மனிதரைச் சுட்டுகிறது. ‘நேர்வு’ என்னும் சொல்லோ நிகழ்ந்த ஒன்றைச் சுட்டி, ‘எதன் நேர்வு?’ என்னும் வினாவை உடன் எழுப்புகிறது. ஒரே மனிதர் பேச்சிழப்பின் நேர்வாகவும், இருமொழியத்தின் நேர்வாகவும், முதுமையின் நேர்வாகவும் அமைதல் கூடும். எதன் நேர்வாக ஒருவர் காட்டப்படுகிறார் என்பது ஆய்வாளர் செய்யும் தேர்வு. அது அம்மனிதரிடம் இயல்பாக அமைந்த பண்பன்று.

‘தனியாள் ஆய்வு’ என்னும் சொல் இத்தேர்வை மறைத்து, ஆய்வை வாழ்க்கை வரலாறு போலக் கருதச் செய்கிறது. எனினும் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட சொல் ஆதலின் இக்கட்டுரையிலும் அதுவே ஆளப்படுகிறது. அதன் பொருள் ‘ஒருவரை ஒரு பொதுமையின் நேர்வாகக் காட்டும் ஆய்வு’ எனக் கொள்ளத்தக்கது.

3. வலிமை

3.1 பொதுவிதியை மறுக்கும் ஆற்றல்

‘எல்லாம்’, ‘எப்போதும்’ என்று தொடங்கும் கூற்றை மறுப்பதற்கு ஒரு சான்று போதும். எழுதுதலும் படித்தலும் பிரிக்க இயலாத ஒரே திறன் என்று ஒருவர் கருதினால், எழுத வல்லவராக இருந்தும் தாம் எழுதியதையே படிக்க இயலாத ஒருவரைக் காட்டிய அளவில் அக்கருத்து வீழ்ந்துவிடும். 1892இல் பிரெஞ்சு மருத்துவர் தெஜெரின் அத்தகைய ஒருவரைப் பற்றி விரிவாக எழுதினார். இந்நிலை தூய படிப்பிழப்பு எனப்படும். இங்கு எண்ணிக்கை பற்றிய எதிர்ப்புக்கு இடமில்லை. நூறு பேரைத் திரட்டியிருந்தாலும் மறுப்பின் வலு கூடப்போவதில்லை.

இவ்வாற்றல் இந்திய மொழிகளைப் பொறுத்தவரை தனிச் சிறப்புடையது. படித்தல் பற்றிய மேலைக் கோட்பாடுகள் ரோமன் நெடுங்கணக்கை அடிப்படையாகக் கொண்டு எழுந்தவை. உயிர்மெய் எழுத்தை அலகாகக் கொண்ட கன்னடம், தமிழ் போன்ற எழுத்து முறைகளில் அக்கோட்பாடுகள் செல்லுமா என்பது தனியே சோதிக்க வேண்டிய ஒன்று. கன்னடமும் ஆங்கிலமும் அறிந்த ஒருவரிடம் காணப்பட்ட தூய படிப்பிழப்பைப் பற்றிப் பிரதிபா காரந்த் 1981இல் ‘கார்டெக்ஸ்’ என்னும் ஆய்விதழில் எழுதிய கட்டுரை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஒரே மூளை, ஒரே நோய், இரு வேறு எழுத்து முறைகள் என்னும் ஒப்பீட்டுக்கு ஒருவருக்குள்ளேயே வாய்ப்புக் கிட்டுகிறது. ஒருவர் கன்னடம் படிப்பவராகவும் மற்றொருவர் ஆங்கிலம் படிப்பவராகவும் இருந்தால் வயது, கல்வி, நோயின் அளவு ஆகிய அனைத்தும் வேறுபடும். ஒப்பீடு தெளிவாக அமையாது.

3.2 சராசரி மறைப்பதைக் காட்டும் ஆற்றல்

பலரைத் திரட்டிச் சராசரி காணும் முறையும் குறைபாடு உடையதே. பத்துப் பேரில் ஐவர் பெயர்ச்சொற்களை இழந்தும் வினைச்சொற்களைக் காத்தும் இருக்கலாம். மற்ற ஐவர் வினைகளை இழந்தும் பெயர்களைக் காத்தும் இருக்கலாம். சராசரி கண்டால் இரண்டும் ஒரே அளவில் குறைந்திருப்பதாகத் தோன்றும். அச்சராசரி பத்துப் பேரில் எவருடைய நிலையையும் காட்டாது. ‘புரோக்கா வகைப் பேச்சிழப்பு’ போன்ற பெயர்களின் கீழ் நோயாளிகளை ஒரு குழுவாக்குவது முறையன்று, ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்த பின்னரே அவர்கள் ஓரினத்தவரா என்று சொல்ல முடியும் என 1986இல் கரமாசா வாதிட்டது இக்காரணம் பற்றியே. குழு ஆய்வை ஆதரிப்போர் இதனை முழுதும் ஏற்கவில்லை. ஒருவரிடம் நோய்க்கு முன்னர் இருந்த திறன் இன்னது என்று தெரியாதபோது, நோய்க்குப் பின் காணும் வேறுபாடு அனைத்தையும் நோயின் விளைவாகக் கொள்ளலாகாது என்பது அவர்கள் காட்டும் தடை. இத்தடை வலுவானது, பன்மொழிச் சூழலில் மேலும் வலுப்பெறுவது. இது ஆறாம் பகுதியில் விளக்கப்படும்.

3.3 மறு ஆய்வுக்கு இடந்தரும் பதிவு

1861இல் பாரிசு நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் இருந்த லெபோர்ன் என்பவரைப் பற்றிப் பால் புரோக்கா வெளியிட்ட அறிக்கை தனியாள் ஆய்வுகளுள் தலைசிறந்தது எனப்படுகிறது. 21 ஆண்டுகளாகப் பேச்சிழந்திருந்த அவர், எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்றே விடையளித்தார். அவர் இறந்ததும் அவருடைய மூளையை ஆராய்ந்த புரோக்கா, இடப்புற முன்மடலில் இருந்த சிதைவைப் பேச்சிழப்புக்குக் காரணமாகக் காட்டினார்.

இந்த அறிக்கையின் பெருமை அதன் முடிவில் மட்டும் அடங்கிவிடவில்லை. தம் முடிவுக்கு எளிதில் பொருந்தாத செய்தியையும் புரோக்கா எழுதிவைத்தார். லெபோர்ன் சினமுற்றபோது அவர் வாயிலிருந்து ஒரு வசவுத்தொடர் தடையின்றி வெளிப்பட்டது என்பது அவ்வாறான ஒன்று. ஆக்கப் பேச்சு வேறு, தன்னியக்கமாக வெளிப்படும் பேச்சு வேறு என்னும் பிற்காலக் கருத்துக்கு இத்தகைய குறிப்புகள் வழிவகுத்தன. மேலும் புரோக்கா அம்மூளையை அறுக்காமல் முழுமையாகப் பாதுகாத்து வைத்தார். 2007இல் திரோங்கர்சும் உடனாய்வாளரும் அதனைக் காந்த ஒத்ததிர்வுப் படமெடுத்து ஆராய்ந்தபோது, புரோக்கா மேற்பரப்பில் கண்டதைக் காட்டிலும் சிதைவு உள்ளே ஆழமாகப் பரவியிருந்தமை புலனாயிற்று. புரோக்காவின் முடிவு திருத்தப்பட்டது. திருத்துவதற்கு உரிய சான்றை அளித்தவரும் அவரே. 146 ஆண்டுகளுக்குப் பின்னரும் மறு ஆய்வுக்கு இடந்தந்தமையே அப்பதிவின் வலிமை.

4. வரம்பு

4.1 அரியதையே தேர்தல்

இருமொழியாளர் பேச்சிழப்புற்றுத் தேறும்போது எம்மொழி முதலில் மீளும் என்னும் வினாவுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே இரு விடைகள் கூறப்பட்டன. முதலில் கற்ற மொழியே மீளும் என்னும் கருத்து ரீபோவின் பெயரால் வழங்குகிறது. நோய்க்கு முன் மிகுதியாகப் பயின்ற மொழியே மீளும் என்பது 1895இல் பீத்ர் கூறியது. இரண்டும் சில நேர்வுகளைக் கொண்டு அமைந்தவை. பின்னர் வந்தோர் இரண்டிற்கும் மாறான நேர்வுகளைத் தேடித் தேடி வெளியிட்டனர். ஒரு மொழி மீளும்போது மற்றது மறைதல், நாளுக்கு நாள் மொழி மாறுதல் போன்ற வியப்புக்குரிய நிலைகள் அச்சேறின. இரு மொழிகளும் ஒரே அளவில் சிதைந்து ஒரே அளவில் மீண்டவர்களைப் பற்றி எழுதுவாரில்லை; எழுதத்தக்க புதுமை அவர்களிடம் இல்லை என்று கருதப்பட்டது.

தேர்வு செய்யாமல் வந்த நோயாளிகளைத் தொடர்ச்சியாக ஆராய்ந்தபோது வேறு படம் கிடைத்தது. 2001இல் ஃபாப்ரோ, ஃபிரியூலி மொழியும் இத்தாலியமும் அறிந்த 20 பேரை ஆராய்ந்தார். அவர்களுள் 13 பேரிடம் இரு மொழிகளும் ஒத்த நிலையிலேயே இருந்தன. நால்வரிடம் இரண்டாம் மொழியும் மூவரிடம் முதல் மொழியும் கூடுதலாகச் சிதைந்திருந்தன. அச்சில் வந்த தனியாள் ஆய்வுகளை மட்டும் எண்ணிப் பார்த்தவர் இத்தகைய விகிதத்தை எதிர்பார்த்திருக்க முடியாது. ஒரு நிலை உண்டு என்று காட்டத் தனியாள் ஆய்வு வல்லது; அது எத்துணைப் பேரிடம் உண்டு என்று சொல்ல வல்லதன்று. இரண்டாம் வினாவுக்கு முதல் வினாவின் விடையைத் தருவதே இம்முறையைக் கையாள்வோர் அடிக்கடி செய்யும் பிழை.

4.2 சொல்வோரும் சான்றும் ஒருவரே ஆதல்

1895இல் பிராய்டும் பிராயரும் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற ‘அன்னா ஓ.’ என்னும் பெண்ணின் வரலாறு மொழியியலாரின் கவனத்துக்கு உரியது. வியன்னாவில் பிராயரிடம் 1880 முதல் 1882 வரை மருத்துவம் பெற்ற அவர், ஒரு காலகட்டத்தில் தம் தாய்மொழியாகிய செருமானியத்தில் பேச இயலாதவராகி ஆங்கிலத்திலேயே பேசினார். பிறர் பேசிய செருமானியத்தை அவர் புரிந்துகொண்டார். பிரெஞ்சு, இத்தாலிய நூல்களைக் கையில் கொடுத்தால் ஆங்கிலத்தில் பெயர்த்து வாய்விட்டுப் படித்தார். உளப்பகுப்பாய்வின் அடையாளமாகிவிட்ட ‘பேச்சு மருத்துவம்’ என்னும் தொடரும் அவர் ஆங்கிலத்தில் கூறியதே.

இத்துணை அரிய மொழிநிலையைப் பற்றிய அவ்வறிக்கை, மருத்துவம் முடிந்து 13 ஆண்டுகளுக்குப் பின் அச்சேறியது. அவர் நலமடைந்தார் என்பதே அதன் முடிவு. 1972இல் எல்லன்பெர்கர், அப்பெண் 1882இல் கிரோய்ட்சுலிங்கன் நகர மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டிருந்தமைக்கான ஆவணங்களை வெளிக்கொணர்ந்தார். அச்சிட்ட வரலாற்றுக்கும் ஆவணத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு அதன்பின்னரே தெரியவந்தது. அவ்வில்லத்தின் ஆவணங்கள் அழிந்திருந்தால் பிராயரின் சொல்லே இறுதிச் சொல்லாக நின்றிருக்கும்.

இந்தியாவில் இதனினும் கடுமையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1920இல் வங்காளத்தின் மிதுனாப்பூர்ப் பகுதியில் ஓநாய்களோடு வாழ்ந்த இரு சிறுமியரை மீட்டதாக, அங்கு அநாதை இல்லம் நடத்திய பாதிரியார் சிங் எழுதினார். அமலா எனப் பெயரிடப்பெற்ற இளையவள் 1921இலும், கமலா எனப் பெயரிடப்பெற்ற மூத்தவள் 1929இலும் இறந்தனர். சிங்கின் நாட்குறிப்பு, சிங் என்பவரின் விளக்கங்களோடு அமெரிக்க மானிடவியலார் சிங்கு பெயரையும் தாங்கி 1942இல் நூலாயிற்று. அதற்கு முந்திய ஆண்டே குழந்தை உளவியலார் கெசல் அச்செய்திகளைக் கொண்டு ஒரு நூல் எழுதிவிட்டார். கமலா சில பத்துச் சொற்களையே கற்றாள் என்னும் செய்தி, மனிதச் சூழல் இன்றி மொழி அமையாது என்பதற்குச் சான்றாகப் பல மொழிப் பாடநூல்களில் இடம்பெற்றது.

1959இல் சமூகவியலார் ஆக்பர்னும் மானிடவியலார் நிர்மல் குமார் போசும் வெளியிட்ட கள ஆய்வு, சிங்கின் செய்திகளுள் பலவற்றை உறுதிசெய்ய இயலாமையைக் காட்டிற்று. அதே ஆண்டில் பெத்தல்கைம், இத்தகைய குழந்தைகள் ஓநாய்களால் வளர்க்கப்பட்டவர்கள் அல்லர், தற்புனைவு நோய் உடையவர்களாக இருந்திருக்கலாம் என்று வாதிட்டார். 2007இல் ஆரோல், நாட்குறிப்பு எனப்படுவது அன்றாடம் எழுதப்பட்டதன்று, சிறுமியர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது என்றார். இவற்றுள் எதனை ஏற்பினும், மொழியியலார் கேட்க வேண்டிய வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. வங்காளம் வழங்கிய இல்லத்தில் ஒரு குழந்தை கற்ற சொற்களைப் பற்றி உலகம் அறிந்தது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒருவர் குறிப்பின் வழியாகவே. அவள் ஒலித்தது யாது, எச்சூழலில் ஒலித்தாள், கேட்டவர் அதனை எச்சொல்லாகக் கொண்டார் என்பவற்றைப் பிரித்தறிய வேறு சான்று இல்லை. சான்றும் சான்று கூறுவோரும் ஒருவராகிவிட்டபோது, பதிவு மெய்யா பொய்யா என்று வாதிடலாமே தவிர, அதனை ஆராய்தல் இயலாது.

4.3 காரணங்கள் பின்னிக் கிடத்தல்

1970இல் கலிபோர்னியாவில் 13 வயதில் மீட்கப்பட்ட ‘ஜீனி’ என்னும் சிறுமியைப் பற்றிக் கர்டிசு 1977இல் வெளியிட்ட நூல், மிதுனாப்பூர்ப் பதிவினும் பன்மடங்கு உயர்ந்தது. அவளுடைய தொடர்கள் தேதியுடன் தரப்பட்டவை. எனினும் மொழி கேளாமை, உணவுக் குறைவு, கொடுமைக்கு ஆளானமை, பிறப்பிலேயே மூளை வளர்ச்சிக் குறை இருந்திருக்கக்கூடும் என்னும் ஐயம் ஆகிய அனைத்தும் ஒருத்தியிடமே சேர்ந்திருந்தன. இவற்றுள் எது காரணம் என்று பிரித்துக் காட்ட ஒரு நேர்வால் இயலாது. மேலும் 1995இல் பீட்டர் ஜோன்சு, ஜீனியின் இலக்கணத் திறன் பற்றி முதலில் கூறப்பட்டதும் பின்னர் கூறப்பட்டதும் தம்முள் முரண்படுவதைத் தொடர்களைக் கொண்டே எடுத்துக்காட்டினார். அத்தொடர்கள் அச்சில் இருந்தமையால்தான் அவ்வாறு காட்ட முடிந்தது என்பது கருதத்தக்கது.

5. மொழிபெயர்ப்பில் மறையும் தரவு

தமிழ், கன்னடம் போன்ற மொழிகளைப் பேசுவோரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. நோயாளி பேசியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் தரப்படும்போது நேரும் இழப்பைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். இவை மொழியமைப்பைக் காட்ட அமைத்துக்கொண்டவை. எந்த ஒரு நோயாளியின் பேச்சும் அல்ல.

முதலாவது, பிழை மறைதல். ‘அவள் வந்தான்’ என்பது பால் இயைபு சிதைந்த தொடர். ஆங்கில வினைமுற்றில் பால் விகுதி இல்லாமையால், மொழிபெயர்த்ததும் இத்தொடர் குற்றமற்றதாகிவிடும். ஆய்வாளர் தேடிய சான்று மொழிபெயர்ப்பாளர் கையிலேயே அழிந்துவிடுகிறது.

இரண்டாவது, இல்லாத பிழை தோன்றுதல். ‘புத்தகம் படித்தேன்’ என்பதில் எழுவாயும் இல்லை, இரண்டாம் வேற்றுமை உருபும் இல்லை. தமிழில் இது இயல்பான தொடர். அஃறிணைச் செயப்படுபொருளோடு உருபு தொக்கு வருவதும், வினைமுற்றே எழுவாயை உணர்த்துவதும் வழக்கு. ஆங்கில இலக்கணத்தை உரைகல்லாகக் கொண்டு விடுபாடுகளை எண்ணினால், நலமுடன் இருப்பவரும் நோயாளியாகிவிடுவார்.

மூன்றாவது, பொருள் மயக்கம் நீங்கிவிடுதல். ஆங்கிலத்தில் இலக்கணச் சிதைவுடையோர் வினையை விகுதியின்றிக் கூறுவர் என்பது நெடுநாள் கருத்து. தமிழில் விகுதியற்ற வினையடி ஏவலாகும். ஒருவர் ‘போ’ என்று மட்டும் கூறினால், அவர் கேட்பவரை ஏவினாரா, ‘போனேன்’ என்று கூற முயன்று விகுதியை இழந்தாரா என்பதைச் சூழலும் ஒலிப்பும் கொண்டே துணிய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எழுதியதும் ஐயமே இல்லாதது போலாகிவிடும்.

நான்காவது, எழுத்து வழக்கின் தலையீடு. ‘வந்துட்டான்’ என்று கேட்டதை ‘வந்துவிட்டான்’ என்று எழுதிவைப்பது படித்தவர் கைக்குப் பழகிய ஒன்று. இரட்டை வழக்கு நிலவும் மொழியில் இத்திருத்தம் அறியாமலே நிகழ்கிறது. அசை குறைந்ததா, ஒலி திரிந்ததா என்று ஆராய விரும்புவோர்க்கு அதன்பின் ஒன்றும் எஞ்சாது.

இவற்றைத் தவிர்க்க இயலும் என்பதற்குச் சான்று உண்டு. 1990இல் மென், ஆப்ளர் ஆகியோர் பதிப்பித்த மூன்று தொகுதிகள், 14 மொழிகளைச் சார்ந்த இலக்கணச் சிதைவுடையோரின் பேச்சை மூலத்திலேயே தந்து, உருபன்தோறும் பொருள் குறித்து, பின்னர் மொழிபெயர்ப்பையும் தருகின்றன. ஒவ்வொரு மொழிக்கும் மிகச் சிலரே ஆராயப்பட்டனர். எனினும் அத்தொகுதிகளை எவரும் மீண்டும் ஆராயலாம். இந்தி அவற்றுள் இடம்பெற்றது. திராவிட மொழி ஒன்றும் இடம்பெறவில்லை.

6. மைசூரு அக்ரஹாரம்: மொழி வரலாற்றின் தேவை

மைசூரு, இத்தகைய ஆய்வுக்கு வேண்டிய நிறுவனங்களைக் கொண்ட நகரம். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை எம். வி. கோபாலசுவாமியின் தலைமையில் 1924இல் தொடங்கப்பெற்றது. அனைத்திந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் 1965இலும், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இலும் தோன்றின. நிறுவனங்களோடு ஆய்வுக்குரிய மொழிச் சூழலும் இங்கு உண்டு.

அக்ரஹாரம் போன்ற ஒரு பழைய குடியிருப்பில் வாழும் ஐயங்கார் குடும்பத்து முதியவர் ஒருவரைக் கருதலாம். வீட்டில் பேசுவது தமிழ். அதுவும் கன்னட நாட்டில் பல தலைமுறைகளாக வழங்கித் தனி இயல்பு பெற்ற தமிழ். தெருவிலும் கடையிலும் கன்னடம். படித்ததும் கணக்கெழுதியதும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். வழிபாட்டில் ஓதுவன வடமொழியும் திவ்வியப் பிரபந்தமும். அத்தமிழ் மறையையும் அவர் கன்னட எழுத்திலேயே படித்திருக்கக்கூடும். தமிழ் எழுத்தை அறியாத தமிழர் இவர். மருத்துவமனைப் படிவத்தில் ‘தாய்மொழி: தமிழ்’ என்னும் ஒரு சொல்லே இவரைப் பற்றிய மொழிக் குறிப்பாக அமையும்.

இவர் பேச்சிழப்புற்றால், அந்த ஒரு சொல்லை நம்பித் தமிழ் எழுத்துகளைக் காட்டிச் சோதிப்பவர், நோய்க்கு முன்னும் இல்லாத திறனை நோயால் இழந்ததாகக் கொள்வார். படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால், வீட்டை அவர் ‘ஆம்’ எனலாம். இரசத்தைச் ‘சாத்தமுது’ எனலாம். வட்டார, சமூக வழக்கை அறியாத சோதனையாளர், முன்னதை உடன்பாட்டுச் சொல்லாகவும் பின்னதை நோயால் விளைந்த புனைசொல்லாகவும் குறித்துக்கொள்ளக்கூடும். தமிழ்த் தொடரில் கன்னடச் சொல் கலந்தால் அது நோயின் விளைவான கலப்பா, அவ்வீட்டில் எந்நாளும் வழங்கும் கலப்பா என்பதும் அவ்வீட்டாரைக் கேட்டாலன்றித் தெரியாது. பாசுரத்தைத் தடையின்றி ஓதினார் என்பதைத் தமிழ்த் திறனின் மீட்சியாகக் கொள்ளுதலும் தவறாகும். அது லெபோர்னின் வசவுத்தொடரைப் போலத் தன்னியக்கப் பேச்சாக இருத்தல் கூடும்.

எந்த மொழியில் பேச்சுப் பயிற்சி அளிப்பது என்னும் முடிவு இவற்றைப் பொறுத்தே அமைகிறது. தவறான மொழியில் பயிற்சி பெறும் நோயாளி இழப்பது காலத்தை. மீட்சிக்கு வாய்ப்பு மிகுந்த முதற் சில மாதங்களை. பாரடிசும் உடனாய்வாளரும் உருவாக்கிய இருமொழியப் பேச்சிழப்புச் சோதனை, முதற்பகுதியிலேயே மொழி வரலாற்றை விரிவாகக் கேட்பதும், வேறொரு மொழியில் அதனை அமைக்கும்போது சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் அவ்வம்மொழியின் அமைப்புக்கு ஏற்ற வினாக்களைப் புதிதாக ஆக்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் இக்காரணம் பற்றியே. மூன்றாம் பகுதியில் குறித்த தடைக்கும் இதுவே விடை. நோய்க்கு முந்திய நிலையை நேரில் அளக்க இயலாது. ஆனால் அதனை இயன்றவரை கேட்டறிந்து பதிவு செய்ய இயலும்.

7. விவரமும் மறைகாப்பும்

இங்கு ஒரு முரண் எழுகிறது. மொழி வரலாறு விரிவாக அமைந்தால்தான் ஆய்வு பயன்படும். விரிவாக அமைந்தால் ஆளை அடையாளம் காண்பதும் எளிதாகும். ஒரு தெரு, ஒரு சமூகம், ஒரு தொழில், நோயுற்ற ஆண்டு ஆகியவற்றைக் குறித்துவிட்டால் பெயரை மறைத்தும் பயனில்லை. ‘அன்னா ஓ.’ என்பவர் பெர்த்தா பாப்பன்கைம் என்பதை 1953இல் எர்னஸ்டு ஜோன்சு வெளியிட்டார். 1936இல் மறைந்துவிட்ட அவர் அதற்கு இசைவு தந்திருக்க வழியில்லை. மாறாக, 1953இல் செய்யப்பட்ட அறுவையால் புதிய நினைவுகளைத் தேக்கும் திறனை இழந்த ‘எச். எம்.’ என்பவரின் முழுப்பெயர், அவர் 2008இல் இறந்த பின்னரே பொதுவில் வெளியிடப்பட்டது.

வயதையும் தொழிலையும் மாற்றி எழுதி மறைப்பது சிலர் கையாளும் வழி. மொழி ஆய்வில் இது தீங்கு தரும். கணக்கரை ஆசிரியர் என்று மாற்றினால் அவர் எம்மொழியை எவ்வளவு எழுதினார் என்பதும் மாறிவிடும். மாற்றி எழுதுவதினும் விட்டுவிடுவதே நன்று. மொழிப் பயன்பாட்டை முழுமையாகக் கூறி, தெரு, சாதி, ஆண்டு ஆகியவற்றைப் பொதுமைப்படுத்தலாம். முழுப் பதிவையும் நிறுவனக் காப்பில் வைத்து, தக்க ஆய்வாளர்க்கு மட்டும் நிபந்தனையோடு தரலாம்.

8. தமிழில் ஒரு முன்மாதிரி

மறு ஆய்வுக்கு இடந்தரும் தனியாள் பதிவு தமிழுக்குப் புதிதன்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த இரா. நரசிம்மனும் வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தைக்கும் வீட்டாருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடல்களை, அக்குழந்தை ஒரு வயது நிறையும் முன்பிருந்து மூன்று வயதை நெருங்கும் வரை ஒலிப்பதிவு செய்து, 1984இல் தரவகமாக்கினர். பின்னர் அது ‘சைல்ட்ஸ்’ என்னும் பன்னாட்டுக் குழந்தை மொழித் தரவகத்தில் சேர்க்கப்பட்டது. தமிழ்க் குழந்தைகள் வினாத் தொடரையும் எதிர்மறையையும் கற்கும் முறை பற்றி வைத்தியநாதன் எழுதிய கட்டுரைகளைப் படிப்போர், அவர் முடிவை ஏற்கவோ மறுக்கவோ தமிழ்த் தரவையே நாடலாம். தொகுத்தோர் எண்ணிப் பாராத வினாக்களையும் அத்தரவிடம் கேட்கலாம்.

கமலாவும் இக்குழந்தையும் எண்ணிக்கையில் வேறுபடவில்லை. முன்னவளைப் பற்றி ஒருவர் கூறியது கிடைக்கிறது. பின்னவள் கூறியதே கிடைக்கிறது.

9. முடிவுரை

தனியாள் ஆய்வு பொதுவிதியை மறுக்க வல்லது. சராசரி மறைப்பதைக் காட்ட வல்லது. புதிய வினாக்களை எழுப்ப வல்லது. ஒரு நிலை எத்துணைப் பரவலானது என்றும், பின்னிய காரணங்களுள் எது முதன்மையானது என்றும் கூற அதனால் இயலாது. இவை முறையின் இயல்பான எல்லைகள். இவற்றை அறிந்து கையாள்வோர்க்கு இடர் இல்லை. தரவை அழித்துவிட்டு முடிவை மட்டும் வைத்திருக்கும் பதிவே இடர் தருவது. அவ்வழிவு பெரும்பாலும் பேச்சை எழுத்தாக்கும்போதும், ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கும்போதும் நிகழ்கிறது.

ஆதலின் திராவிட மொழி பேசுவோரைப் பற்றிய தனியாள் ஆய்வு ஒவ்வொன்றும், பேசியதைப் பேசியவாறே காட்டும் எழுத்துப் பதிவு, உருபன்தோறும் பொருள், மொழிபெயர்ப்பு, விரிவான மொழி வரலாறு ஆகிய நான்கையும் கொண்டிருத்தல் வேண்டும். இரு பொருள்பட நிற்கும் இடத்தை மொழிபெயர்ப்பாளர் தாமே தீர்த்துவிடாமல் அவ்வாறே குறித்துச் செல்லுதல் வேண்டும். உளவியலாரும் மருத்துவரும் தனித்துச் செய்ய இயலாத பணி இது. நோயாளி கூறியது ‘ஆம்’ என்னும் உடன்பாடா, வீட்டைச் சுட்டும் பெயரா என்பதை அறிந்து கூறத்தக்கவர் சோதனை அறையில் உடனிருத்தல் வேண்டும்.